ஒரு பழைய முரசின் வயது

சுதந்திர தினத்தன்று காவல் துறையினரின் அணிவகுப்பைப் பார்த்தவர்கள், பேண்டு வாத்தியக் குழுவில் சிலர் இடுப்போரம் தொங்கவிட்டு இரு குச்சிகளால் தட்டும் சிறு முரசைக் கவனித்திருப்பார்கள். மற்ற முரசுகளைப் போல அது ‘டம் டம்’ என்று முழங்குவதில்லை. ‘டர்ர்ர்’ என்று சரசரக்கிறது. அதன் அடித்தோலை ஒட்டி இழுத்துக் கட்டியிருக்கும் மெல்லிய கம்பிகளே அந்தச் சரசரப்புக்குக் காரணம். ஆங்கிலத்தில் இதை ‘ஸ்னேர் டிரம்’ என்பார்கள். ‘ஸ்னேர்’ என்பது அந்தக் கம்பிகளுக்குரிய பெயர். ஆகவே இக்கட்டுரையில் இதைக் ‘கம்பி முரசு’ என்றே அழைப்போம்.

இத்தகைய முரசு ஒன்று தூசு படிந்து, நிறம் மங்கி, பரண் மீது கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதைச் செய்தவர் யார்? எந்த ஆண்டில் செய்தார்? எந்த உலோகத்தில் செய்தார்? எந்தப் பகுதி முதலிலிருந்தே இருப்பது, எது பின்னால் மாற்றப்பட்டது? இதை மீண்டும் ஒலிக்கச் செய்ய வேண்டுமானால் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது? இவை வரலாற்றுக் கேள்விகள். ஆனால் இவற்றுக்கு விடை காண உதவுபவை தராசும், காந்தமும், உருப்பெருக்கிக் கண்ணாடியுமே என்பதுதான் சுவையான செய்தி.

இந்தப் பொருளில் எனக்கு ஆர்வம் ஏற்பட்டதற்கு நான் செய்த ஒரு தவறு காரணம். கல்லூரியில் பணியில் சேர்ந்த முதல் ஆண்டு, இயற்பியல் ஆய்வக அலமாரியில் பழைய டேஞ்சன்ட் கால்வனாமீட்டர் ஒன்று கறுத்துக் கிடந்ததைக் கண்டேன். மாணவர்கள் மெச்சட்டும் என்று பித்தளைப் பாலிஷைத் தடவி, பளபளவென்று ஆகும்வரை தேய்த்தேன். நெடுநாள் பணியாற்றிய ஆய்வக உதவியாளர் வந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பேரு எங்கே சார்?” என்றார். அதன் அடித்தட்டில் மங்கலாகத் தெரிந்த தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் பாலிஷோடு சேர்ந்து போய்விட்டிருந்தன. பழைய இருப்புப் பதிவேட்டிலோ அந்தப் பக்கங்கள் செல்லரித்துப் போயிருந்தன. அந்தக் கருவி எந்த ஆண்டு எங்கிருந்து வந்தது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

பின்னர், சவ்வுகளின் அதிர்வு பற்றிய பாடத்துக்காக முரசுகளைக் குறித்துப் படிக்கத் தொடங்கினேன். பழைய அமெரிக்க முரசுகளுக்கும் இதே கதி பல முறை நேர்ந்திருப்பதை அப்போது அறிந்தேன். அந்த அனுபவத்திலிருந்து பாடம் கற்ற முரசு ஆர்வலர்கள், முரசின் வயதைக் கண்டறிய ஓர் ஒழுங்கான முறையை உருவாக்கியிருக்கிறார்கள். அந்த முறையையும் அதன் பின்னணியிலுள்ள வரலாற்றையும் இங்கே காண்போம்.

ஓசை பிறக்கும் விதம்

முதலில், கம்பி முரசு எப்படி ஒலிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். இழுத்துக் கட்டிய வட்டச் சவ்வு ஒன்றைத் தட்டினால் அது பல வகையாக அதிர்கிறது. அந்த அதிர்வெண்களின் விகிதம் 1 : 1.59 : 2.14 : 2.30 என்று செல்கிறது. வீணைத் தந்தியில் இருப்பதைப் போல 1 : 2 : 3 : 4 என்ற முழு எண் விகிதம் இங்கே இல்லை. ஆகவேதான் சாதாரண முரசு தெளிவான சுரத்தைத் தருவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் பூசியிருக்கும் கருஞ்சாந்து இந்தக் குறையை நீக்கி, மேற்சுரங்களை முழு எண் விகிதத்துக்கு அருகே கொண்டுவருகிறது. இதை 1920இல் எடுத்துக்காட்டி, 1934இல் விரிவாக ஆராய்ந்து எழுதியவர் சர். சி. வி. இராமன்.

கம்பி முரசைச் செய்தவர்கள் இதற்கு நேர் எதிர்த் திசையில் சென்றார்கள். அவர்களுக்குச் சுரம் வேண்டியதில்லை; கூர்மையான, நெடுந்தொலைவு கேட்கும் ஓசை வேண்டும். முரசின் மேல்தோலைக் குச்சியால் தட்டியதும் உள்ளிருக்கும் காற்று அழுந்தி, மெல்லிய அடித்தோலைக் கீழே தள்ளுகிறது. அடித்தோலோடு ஒட்டியிருக்கும் கம்பிகளும் சேர்ந்து தள்ளப்படுகின்றன. வீச்சு போதுமான அளவு பெரிதாக இருந்தால், தோல் திரும்பி மேலே செல்லும்போது கம்பிகள் அதைவிட்டுப் பிரிந்து, பிறகு வேகமாக வந்து மீண்டும் அதில் மோதுகின்றன. இந்த மோதலால் உயர் அதிர்வெண்கள் பல ஒரே நேரத்தில் எழுகின்றன. அதுவே நம் காதில் ‘டர்ர்ர்’ என்று விழுகிறது. கம்பிகளை மிக அதிகமாக இறுக்கிவிட்டால் அவற்றைப் பிரிக்க அதிக வீச்சு தேவைப்படும். மெதுவாகத் தட்டினால் சரசரப்பே எழாது. அமெரிக்க ஒலியியல் அறிஞர் தாமஸ் ராசிங்கும் அவருடைய குழுவினரும் 1992இல் இதை அளந்து காட்டினார்கள். பழைய முரசைச் சீர்செய்வோர் இந்தச் செய்தியை மறக்கக் கூடாது. ‘ஒலி சரியில்லை’ என்று குறைப்படும் முரசுகள் பலவற்றுக்குத் தேவை ஒரு திருகின் அரைச் சுற்றே.

கயிற்றிலிருந்து திருகுக்கு

ஐரோப்பாவில் இடைக்காலத்திலேயே தோலின் குறுக்கே ஒரு நரம்பைக் கட்டிய சிறு முரசுகள் வழக்கில் இருந்தன. பின்னர் சுவிட்சர்லாந்தின் காலாட்படையினர் புல்லாங்குழலோடு இதை இசைத்து அணிவகுத்தார்கள். மற்ற படைகளும் அதைப் பின்பற்றின. போர்க்களத்தின் இரைச்சலில் மனிதக் குரல் எடுபடாது. முரசின் சரசரப்பு எடுபடும். ‘முன்னேறு’, ‘பின்வாங்கு’ என்ற ஆணைகளெல்லாம் முரசின் வழியாகவே சென்றன. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் முரசறையும் சிறுவர்கள் படைகளோடு நடந்தார்கள்.

அக்கால முரசுகளில் தோல்களைக் கயிறு கொண்டு இழுத்துக் கட்டினார்கள். கம்பிகளின் இடத்தில் விலங்குக் குடலால் செய்த நரம்புகள் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் கயிற்றின் இடத்தை உலோகத் திருகுகள் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொண்டன. கயிற்றுக்கும் திருகுக்கும் உள்ள வேறுபாடு பெரியது. கயிற்றை இழுத்தால் இறுக்கம் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் அமையும். திருகை எண்ணிச் சுற்றினால் எல்லாப் பக்கமும் ஒரே இழுவிசையைத் தரலாம். சவ்வின் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர் விகிதத்தில் இருப்பதால், இந்தக் கட்டுப்பாடு மிகவும் பயன்பட்டது.

சிகாகோவின் இரு சகோதரர்கள்

ஜெர்மனியில் பிறந்து சிறு வயதில் அமெரிக்காவுக்கு வந்தவர் வில்லியம் லுட்விக். இவர் முரசு வாசிப்பவர். அந்நாளில் வேகமான புதிய இசை பரவிக்கொண்டிருந்தது. ஒரே ஆள் கையால் கம்பி முரசையும், காலால் பெரிய முரசையும் இசைக்க வேண்டியிருந்தது. அதற்கேற்ற வேகமான கால் மிதி கடையில் கிடைக்கவில்லை. ஆகவே அவரே ஒன்றைச் செய்தார். அதை விற்பதற்காக 1909இல் சிகாகோ நகரில் தம்பி தியோபால்டுடன் சேர்ந்து ‘லுட்விக் அண்ட் லுட்விக்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். மிதியைத் தொடர்ந்து முரசுகளும் வந்தன. மரத்தோடு பித்தளையிலும் உருளைகள் செய்தார்கள். 1918இல் உலகையே உலுக்கிய இன்ஃபுளுயன்சா கொள்ளைநோய் தியோபால்டின் உயிரைப் பறித்தது. வில்லியம் தனியே தொழிலைத் தொடர்ந்தார்.

1920களில் நிறுவனம் செழித்தது. அப்போது திரைப்படம் பேசாத படமாக இருந்தது. ஒவ்வொரு கொட்டகையிலும் படத்துக்கு ஏற்ப இசைக்க வாத்தியக்காரர்கள் தேவைப்பட்டார்கள். குதிரைக் குளம்போசை, இடியோசை, துப்பாக்கிச் சத்தம் எல்லாம் முரசுக்காரரின் வேலை. 1927க்குப் பிறகு பேசும் படம் வந்ததும் இந்த வேலைகள் மறையத் தொடங்கின. 1929இல் பங்குச் சந்தையும் சரிந்தது. லுட்விக் தம் நிறுவனத்தைக் ‘கான்’ என்ற பெரிய இசைக்கருவி நிறுவனத்திடம் ஒப்படைக்க நேர்ந்தது. தொழிற்சாலை சிகாகோவிலிருந்து இந்தியானா மாநிலத்தின் எல்க்கார்ட் நகருக்குச் சென்றது.

சில ஆண்டுகளில் வில்லியம் அங்கிருந்து விலகி, 1937இல் சிகாகோவில் மீண்டும் ஒரு தொழிற்சாலையைத் தொடங்கினார். ஆனால் ‘லுட்விக்’ என்ற தம் சொந்தப் பெயரை முரசின் மீது பொறிக்க அவருக்கு உரிமை இல்லை! அது ‘கான்’ நிறுவனத்தின் சொத்தாகிவிட்டது. எனவே தம் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு ‘டபிள்யூ எஃப் எல்’ என்று முரசுகளுக்குப் பெயரிட்டார். 1955இல்தான் பழைய பெயரைத் திரும்ப விலைக்கு வாங்க முடிந்தது.

இந்தக் கதையை நான் விரிவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வயதைக் கண்டறிய முதல் சாட்சி இதுவே. ஒரு முரசின் பெயர்த்தகட்டில் ‘டபிள்யூ எஃப் எல்’ என்று இருந்தால், அது 1937க்கு முந்தியதாக இருக்க முடியாது. ‘லுட்விக் அண்ட் லுட்விக்’ என்றும் ‘எல்க்கார்ட்’ என்றும் சேர்ந்து இருந்தால் அது ‘கான்’ காலத்து முரசு. ஒரு குடும்பத்தின் ஏற்றமும் தாழ்வும் சிறு உலோகத் தகட்டில் பதிவாகியிருக்கிறது.

போரும் பிளாஸ்டிக்கும்

இரண்டாம் உலகப் போர் வந்தது. பித்தளையும் எஃகும் படைக்கலங்களுக்குத் தேவைப்பட்டன. 1942இல் அமெரிக்க அரசு இசைக்கருவிகளில் உலோகம் மிகச் சிறிதளவே இருக்கலாம் என்று கட்டுப்பாடு விதித்தது. முரசு செய்வோர் சும்மா இருக்கவில்லை. திருகுகள் இறங்கும் மரைக் கூடுகளையும் வளையங்களையும் மரத்திலேயே கடைந்தார்கள். இன்று ஒரு முரசில் அத்தகைய மரக் கூடுகள் இருந்தால், பெயர்த்தகடு இல்லாவிட்டாலும் அது போர்க்காலத்தது என்று ஊகிக்கலாம்.

அடுத்த பெரிய மாற்றம் தோலில் ஏற்பட்டது. அதுவரை கன்றின் தோலே பயன்பட்டது. ஈரக் காற்றில் தோல் நீரை உறிஞ்சித் தளர்ந்துவிடும். இழுவிசை குறையும், எடை கூடும், இரண்டுமே அதிர்வெண்ணைக் குறைப்பவை. நம் ஊரில் பறையைத் தீயில் காய்ச்சி எடுப்பது இதை ஈடுகட்டத்தான். அமெரிக்க முரசுக்காரர்களுக்கும் மழை நாள் என்றால் தொல்லைதான். 1950களில் பாலியெஸ்டர் என்னும் வலிய பிளாஸ்டிக் படலம் கிடைக்கத் தொடங்கியது. அதைக் கொண்டு முரசுக்குச் ‘சவ்வு’ செய்யும் முயற்சிகள் பல நடந்தன. சிக் எவன்ஸ் 1956இலும், ரெமோ பெல்லி 1957இலும் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ஈரம் இதை ஒன்றும் செய்வதில்லை. சில ஆண்டுகளிலேயே கன்றுத்தோல் பெரும்பாலும் மறைந்தது. எனினும், தோல் மட்டும் வயதைச் சொல்லாது. தோல் தேயும் பொருள். பழைய முரசில் புதிய சவ்வு போட்டிருப்பார்கள்.

நானூறாம் எண் முரசு

இனி, எடுத்துக்காட்டாக ஒரே ஒரு முரசை ஆராய்வோம். லுட்விக் விலைப்பட்டியலில் 400 என்ற எண் கொண்ட ‘சூப்ராஃபோனிக்’ என்ற உலோகக் கம்பி முரசு அது. 14 அங்குல விட்டம். 5 அங்குல உயரம். பளபளக்கும் குரோமியப் பூச்சு. உருளையின் நடுவில் வளையம்போல ஒரு மேட்டு வரம்பு. சுற்றிலும் பத்து மரைக் கூடுகள். மெல்லிய தகட்டை விறைப்பாக்குவதற்கே அந்த வரம்பு. 1960ஐ ஒட்டி வெளிவந்த இந்த முரசு, ஒலிப்பதிவுக் கூடங்களில் மிகப் பெரிய பெயர் பெற்றது.

1964 பிப்ரவரி 9ஆம் நாள் ‘பீட்டில்ஸ்’ குழுவினர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றினார்கள். ஏறக்குறைய 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள் என்பர். அவர்களின் முரசுக்காரர் ரிங்கோ ஸ்டாரின் பெரிய முரசில் ‘லுட்விக்’ என்ற பெயர் தெளிவாகத் தெரிந்தது. அதன்பின் சிகாகோ தொழிற்சாலைக்கு மூச்சுவிட நேரமில்லை. அந்த அவசரம் முரசுகளிலும் தடம் பதித்திருக்கிறது. எப்படி என்பதைப் பார்ப்போம்.

வரிசை இல்லாத வரிசை எண்

1963இன் இறுதி வாக்கில் லுட்விக் நிறுவனம் பெயர்த்தகடுகளில் வரிசை எண் பொறிக்கத் தொடங்கியது. வரிசை எண் இருந்தால் வயதைக் கண்டுபிடிப்பது மிக எளிது என்றுதான் யாரும் நினைப்பார்கள். சிறிய எண் என்றால் பழையது. பெரிய எண் என்றால் புதியது. ஆனால் உண்மை அப்படி இல்லை. எண் பொறித்த தகடுகள் பெட்டிகளில் வந்தன. தொழிலாளி கையில் எந்தத் தகடு அகப்பட்டதோ அதை முரசில் பொருத்தினார். எந்தப் பெட்டியை முதலில் திறப்பது என்பதிலும் ஒழுங்கு இருந்ததில்லை. ஆக, வரிசை எண்ணில் வரிசை இல்லை!

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இங்கேதான் அறிவியல் முறை கைகொடுக்கிறது. அதே தொழிற்சாலையில் செய்த மர முரசுகள் பலவற்றின் உள்பக்கத்தில் சிவப்பு மையால் தேதி முத்திரை குத்தியிருந்தார்கள். அத்தகைய முரசில் தேதியும் உண்டு. வெளியே தகட்டில் எண்ணும் உண்டு. ஆர்வலர்கள் இத்தகைய முரசுகளைத் தேடித் தேடி, தேதியையும் எண்ணையும் பட்டியலிட்டார்கள். பட்டியல் வளர வளர, எண்கள் பொதுவாக ஆண்டோடு ஏறினாலும் இடையிடையே முன்னும் பின்னுமாகக் கலந்திருப்பது தெரிந்தது. உலோக முரசில் தேதி முத்திரை இல்லை. ஆகவே மர முரசுகளின் பட்டியலை அளவுகோலாகக் கொண்டு உலோக முரசின் காலத்தை மதிப்பிடுகிறார்கள்.

இயற்பியல் மாணவர்களுக்கு இது புதிதல்ல. தெரிந்த வெப்பநிலைகளைக் கொண்டு ஒரு வெப்பமானிக்கு அளவு குறிக்கிறோம். பிறகு அதைக் கொண்டு தெரியாத வெப்பநிலையை அளக்கிறோம். இங்கும் அதே முறைதான். அளவீட்டுக்கு ஒரு பிழை வரம்பு இருப்பதுபோல இதற்கும் உண்டு. ‘இந்த முரசு 1966ஆம் ஆண்டினது’ என்று அடித்துச் சொல்வதைவிட, ‘1960களின் நடுப்பகுதியைச் சேர்ந்தது’ என்று சொல்வதே நேர்மை.

தகட்டின் வடிவமும் உதவுகிறது. 1960களில் அது மேலே அகன்று கீழே குறுகிய வடிவில் இருந்தது. 1969ஐ ஒட்டி நீலமும் ஆலிவ் பச்சையும் கொண்ட புதிய தகடு வந்தது. எண் இல்லாத பழைய வடிவத் தகடு என்றால், முரசு 1963க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஓர் எச்சரிக்கை: தகட்டைக் கழற்றி வேறு முரசில் பொருத்த முடியும். விலைக்காக அப்படிச் செய்பவர்களும் உண்டு. ஆகவே தகட்டின் சாட்சியத்தை வேறு சாட்சிகளைக் கொண்டு சரிபார்க்க வேண்டும்.

தராசும் காந்தமும்

400ஆம் எண் முரசின் உருளையை முதலில் பித்தளையில் செய்தார்கள். 1963ஐ ஒட்டி அலுமினியக் கலவைக்கு மாறினார்கள். அதற்கு ‘லூடல்லாய்’ என்று பெயரிட்டார்கள். இரண்டின் மீதும் ஒரே குரோமியப் பூச்சு. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. பித்தளை முரசுகள் அரியவை. ஆகவே விலையும் அதிகம். எது பித்தளை, எது அலுமினியம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காந்தம் இங்கே உதவாது; இரண்டு உலோகங்களையும் அது ஈர்ப்பதில்லை. ஆனால் வளையங்களுக்கு அது உதவும். மேல் வளையத்தைக் காந்தம் பலமாக ஈர்த்து, கீழ் வளையத்தை ஈர்க்கவில்லை என்றால், ஒன்று எஃகு, மற்றது பித்தளை. இரண்டில் ஏதோ ஒன்று பின்னால் வந்திருக்க வேண்டும் என்று ஐயுறலாம்.

உருளைக்குத் தராசே போதும். ஒரு சிறு கணக்குப் போடுவோம். விட்டம் 35.6 செ.மீ.; உயரம் 12.7 செ.மீ. உருளையின் பக்கப் பரப்பு ஏறத்தாழ 1,420 சதுர செ.மீ. தகட்டின் தடிமன் 1 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் பருமன் 142 கன செ.மீ. பித்தளையின் அடர்த்தி 8.5, எனவே எடை ஏறக்குறைய 1,200 கிராம். அலுமினியத்தின் அடர்த்தி 2.7, எனவே எடை 380 கிராம் மட்டுமே. மூன்று மடங்குக்கும் மேல் வேறுபாடு! தடிமனில் சிறிது கூடினாலும் குறைந்தாலும் இந்த வேறுபாடு மறையாது. மற்றப் பகுதிகளைக் கழற்றிவிட்டு உருளையைக் கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். ஆர்க்கிமிடீஸ் அரசனின் கிரீடத்தைச் சோதித்த கதையை இது நினைவூட்டவில்லையா?

குறையே சாட்சி

அலுமினியத்தின் மீது முலாம் பூசுவது எளிதன்று. காற்றுப் பட்டவுடனே அதன் மேல் ஆக்சைடு படலம் உண்டாகிவிடும். முலாம் அதன் மேல் உறுதியாக ஒட்டாது. மேலும், அலங்காரக் குரோமியப் பூச்சின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பிளவுகள் உண்டு. வாசிப்பவரின் வியர்வையிலுள்ள உப்பும் காற்றின் ஈரமும் அந்தப் பிளவுகள் வழியே இறங்குகின்றன. அங்கே இரு வேறு உலோகங்கள், இடையே உப்பு நீர். இது ஒரு சிறு மின்கலமே! அலுமினியம் கரைகிறது. உண்டாகும் வெண்ணிறப் பொருள் அதிக இடத்தை அடைப்பதால் மேற்பூச்சை உப்பச் செய்து உடைக்கிறது. முரசின் மீது அம்மைத் தழும்புபோலப் புள்ளிகள் தோன்றுகின்றன.

இதைக் கண்டதும் பலர் முரசு பாழாகிவிட்டது என்று வருந்துகிறார்கள். ஆனால் உருப்பெருக்கிக் கண்ணாடியால் அந்தப் புள்ளிகளைப் பாருங்கள். வெண்பொடி இருந்தால் உள்ளே அலுமினியம். பூச்சு தேய்ந்த இடத்தில் மஞ்சள் நிறமோ பச்சைக் களிம்போ தெரிந்தால் உள்ளே பித்தளை. யாராவது அழகுக்காகப் பூச்சு முழுவதையும் உரித்துப் புதிதாக முலாம் பூசிவிட்டால், இந்தச் சாட்சி அழிந்துவிடும். என் கால்வனாமீட்டருக்கு நேர்ந்த கதிதான்.

பயனற்ற துளைகளும் இத்தகைய சாட்சிகளே. உருளையில் எந்தத் திருகும் இல்லாத துளை இருந்தால், கம்பிகளை இறுக்கும் பூட்டு எப்போதோ மாற்றப்பட்டிருக்க வேண்டும். அந்தத் துளைகளின் இடைவெளியை அளந்து, பழைய பூட்டு எந்த வகை என்பதைக்கூடச் சொல்லிவிடுகிறார்கள்.

சீர்செய்யும் முறை

இனி, முரசை எப்படிச் சீர்செய்வது? முதல் வேலை துடைப்பது அன்று, எழுதுவது. நான்கு பக்கமும் நிழற்படம் எடுக்க வேண்டும். தகட்டின் எண், துளைகளின் இடம், திருகுகளின் வகை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். காற்றுத் துளை வழியே விளக்கைக் காட்டி உட்பக்கத்தில் முத்திரையோ, ஒட்டிய காகிதமோ, பென்சில் எழுத்தோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகே கழற்றத் தொடங்கலாம். திருகுகளை ஒரு பக்கமாகத் தளர்த்தாமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்தினால் உருளை கோணாது.

அழுக்கை நீக்க மென்மையான சோப்பு நீரும் பருத்தித் துணியும் போதும். அமிலமோ உப்புத்தாளோ கூடாது. திருகுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, மரையில் சிறிது கிரீஸ் இடலாம். எஃகு வளையத்தின் குரோமியத்தின் மேல் துரு படிந்திருந்தால், அலுமினியத் தாளைக் கசக்கி நீரில் நனைத்து மெதுவாகத் தேய்க்கலாம். குரோமியத்தைவிட அலுமினியம் மென்மையானது. ஆகவே கீறல் விழாது. ஆனால் அலுமினிய உருளையில் தோன்றிய புள்ளிகளுக்கு மருந்தில்லை. ஈரத்தைத் துடைத்து, மெழுகு பூசி, மேலும் பரவாமல் தடுப்பதே செய்யக்கூடியது.

மர முரசானால் இன்னொரு எச்சரிக்கை. பழைய முரசுகளின் முத்துப்போல மின்னும் மேலுறைகள் பல, செல்லுலோஸ் நைட்ரேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. வெளிச்சத்தால் அவை மஞ்சளாகும், காலத்தால் சுருங்கும், தீப்பொறி பட்டால் சட்டென்று பற்றிக்கொள்ளும். அவற்றின் அருகே நெருப்பையோ சூடான கருவியையோ கொண்டுபோகக் கூடாது.

தோல் அமரும் விளிம்பிலும், கம்பிகள் படிவதற்காக அடி விளிம்பில் அமைத்துள்ள ஆழமற்ற பள்ளத்திலும் எளிதில் கை வைக்கக் கூடாது. முரசின் ஓசையைத் தீர்மானிப்பவை அவை. ஒருமுறை அரத்தால் ராவிவிட்டால் திரும்பப் பெற முடியாது. சவ்வையும் கம்பியையும் புதிதாகப் போடலாம்; அவை தேய்ந்து மாறுவதற்கென்றே உள்ளவை. ஆனால் கழற்றிய பழைய பகுதி எதுவாயினும், வளைந்த திருகேயானாலும், ஒரு பையில் இட்டு முரசோடு வைக்க வேண்டும். பின்னால் வருபவர் நாம் செய்ததை மாற்ற விரும்பினால், அதற்கு வழி இருக்க வேண்டும்.

லுட்விக் நிறுவனம் 1981இல் ‘செல்மர்’ நிறுவனத்தின் கைக்கு மாறியது. சில ஆண்டுகளில் தயாரிப்பு வட கரோலினா மாநிலத்துக்குச் சென்றது. சிகாகோத் தொழிற்சாலையின் சந்தடி ஓய்ந்தது. அங்கே வேலை செய்தவர்கள் எந்தப் பெட்டியிலிருந்து எந்தத் தகட்டை எடுத்தார்கள் என்பதற்கு ஏடுகள் இல்லை. அந்தப் பழைய முரசுகளே அதற்கு ஏடுகள். ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் நம்பத்தகாத சாட்சி. பெயரும், எண்ணும், எடையும், பூச்சின் புள்ளிகளும் ஒன்றையொன்று ஆமோதிக்கும்போதே உண்மை வெளிப்படுகிறது. ஆய்வகத்தில் ஒரே ஒரு அளவீட்டை எடுத்துக்கொண்டு விடை எழுதும் மாணவருக்கு நாம் மதிப்பெண் தருவதில்லை அல்லவா?

மாணவ நண்பர்களே, உங்கள் பள்ளியின் பேண்டு வாத்திய அறையில் ஒரு பழைய முரசு இருக்கக்கூடும். ஆய்வகத்தில் ஒரு பழைய தராசோ நுண்ணோக்கியோ இருக்கக்கூடும். அதைத் துடைக்கத் துணியை எடுக்கும் முன், ஒரு தாளையும் பென்சிலையும் எடுங்கள். அதில் உள்ள எழுத்துகளையும் எண்களையும் அப்படியே எழுதி, தேதியிட்டு, ஆசிரியரிடம் கொடுங்கள். எங்கள் ஆய்வகத்தில் அந்தக் கால்வனாமீட்டர் இன்றும் பளபளப்பாக இருக்கிறது. அதன் அருகே ஒரு அட்டையை எழுதி வைத்திருக்கிறேன்: ‘தயாரித்தவர், ஆண்டு: தெரியவில்லை.’